முதலில் தண்ணீர்

எங்கள் வீட்டுக் கூடத்தில், மற்ற வீடுகளில் தொலைக்காட்சி இருக்கும் இடத்தில், ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 60 லிட்டர் தண்ணீர். அடியில் மண், மண்ணில் வேர்விட்ட செடிகள், ஒரு மரத்துண்டு, அதைப் போர்த்திக்கொண்டு வளர்ந்திருக்கும் ஜாவா பாசி. முதல்முறை வருகிறவர்கள் “மீன் எங்கே?” என்றுதான் கேட்பார்கள். மீன்கள் இருக்கின்றன, 30-க்கும் மேல். பெரியது 2 சென்டிமீட்டரைத் தாண்டாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இலைகளுக்கு நடுவே மிளகாய்ப்பழச் சிவப்பில் ஏதோ நகர்வது தெரியும். பிறகு அதே சிவப்பு இன்னோர் இடத்தில், இன்னோர் இடத்தில்.

இவற்றில் பாதிக்கு மேல் இந்தத் தொட்டியிலேயே பிறந்தவை என்று சொன்னால் வந்தவர்களின் குரல் சட்டென்று தாழ்ந்துவிடும். “பாவம், வீட்ல ஒரு உயிர் வேணும்ல” என்பார்கள். “மீன் குஞ்சு பொரிக்கிற வீட்ல சீக்கிரம் நல்லது நடக்கும் டீச்சர்” என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. எனக்கு வயது 46. திருமணமாகி 19 ஆண்டுகள். குழந்தை இல்லை. இந்த மூன்று தகவல்களையும் தெரிந்தவர்களுக்கு என் மீன்தொட்டி மீன்தொட்டியாகத் தெரிவதில்லை. அது ஒரு காலித் தொட்டிலாகத்தான் தெரிகிறது.

எங்கள் அடுத்த தெருவில் ஒருவர் அரோவானா வளர்க்கிறார். அவருக்கும் பிள்ளைகள் இல்லை. அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் “எவ்வளவு செலவாச்சு சார்?” என்று கேட்பதை நானே நின்று கேட்டிருக்கிறேன். அவருடையது ஹாபி. என்னுடையது குறை. ஒரே வேலையை ஆண் செய்தால் ஈடுபாடு, பெண் செய்தால் ஈடுகட்டல். இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஆனால் அதற்கு முதலில் மீன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன்களை விட்டுவிட்டு என்னைப் பற்றி மட்டும் பேசுவது, வந்தவர்கள் செய்ததையே நானும் செய்வதாகிவிடும்.

கடைக்காரர்கள் இதைச் சில்லி ரஸ்போரா என்பார்கள். சொந்த ஊர் போர்னியோ தீவின் தெற்குப் பகுதி. அங்கே காட்டுச் சதுப்பில் இலைகள் விழுந்து ஊறி, தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் நிற்கும். உப்புச்சத்தே ஏறக்குறைய இல்லாத, புளிப்பேறிய தண்ணீர். அதில்தான் இந்தச் சிவப்பு பிறந்தது.

இதன் அறிவியல் பெயர் போராரஸ் பிரிஜிட்டே. 1978-இல் டீட்டர் வோக்ட் என்ற ஜெர்மானியர் இதை வகைப்படுத்தித் தன் மனைவி பிரிகிட்டேயின் பெயரை வைத்தார். அப்போது இது ரஸ்போரா பேரினத்தில் இருந்தது. 1993-இல் கோட்டெலாட், வித்தயானோன் என்ற இரு அறிஞர்கள் இந்தக் குட்டி மீன்களின் முதுகெலும்பு எண்களைப் பார்த்தார்கள். வயிற்றுப் பகுதிக்கும் வால் பகுதிக்கும் உள்ள கணக்கு ரஸ்போராவுக்கு நேர்மாறாக இருந்தது. ஆகவே எழுத்துகளையும் இடம் மாற்றிப் போட்டு ‘போராரஸ்’ என்று புதிய பேரினம் வைத்தார்கள். இலக்கணம் படித்த எனக்கு இந்த எழுத்து விளையாட்டு பிடித்திருந்தது. பிரிகிட்டே என்ற பெண் யார், அவருக்கு மீன் பிடிக்குமா என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள் இல்லை. மனைவி என்ற ஒரு செய்தி மட்டும் அதில் நிற்கிறது.

அறிவியல் பெயரில் பெண் நிற்பதற்கு இன்னோர் இடமும் இருக்கிறது. நம் பக்கத்தில், கேரளத்தில், இதே அளவுள்ள ஒரு மீன் உண்டு: ஹொராடான்டியா பிரிட்டானி. அதை 1992-இல் வகைப்படுத்தியவர்கள் ரேமாதேவி, மேனன் இருவரும். மீனின் பெயருக்குப் பின்னால் வகைப்படுத்தியவர் பெயரையும் ஆண்டையும் எழுதுவது மரபு. அந்த மீனைப் பற்றி உலகில் எங்கே யார் முறையாக எழுதினாலும் ரேமாதேவி என்ற பெயரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பெயருக்குள் பரிசாக வைக்கப்பட்ட பெண் ஒருவர். பெயருக்குப் பின்னால் உழைப்பாக நிற்கும் பெண் ஒருவர். என் மாணவிகளுக்கு இரண்டாவது இடத்தைக் காட்ட எனக்கு ஆசை.

போர்னியோ சதுப்பின் மீன் மதுரைத் தண்ணீரில் வாழ்வதற்கு வேலை இருக்கிறது. எங்கள் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். அதில் இந்த மீனைப் போடுவது அதற்குச் செய்யும் தீங்கு. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடித் தண்ணீரை டிரம்களில் பிடித்து மூடி வைக்கிறேன். முதல் இரண்டு மழையை ஓட விட்டுவிட்டு மூன்றாவது மழையிலிருந்துதான் பிடிப்பது. மழைத் தண்ணீரில் கொஞ்சமே கொஞ்சம் போர்வெல் தண்ணீரைக் கலந்து, மீட்டர் வைத்து அளந்து, கல்லூரி வளாகத்து வாதாமரத்தின் காய்ந்த இலைகளை ஊறப்போட்டால் இரண்டு நாளில் தேநீர் நிறம் வந்துவிடும். கோடையில் ஆர்.ஓ. தண்ணீர். வெயில் ஏறும் மாதங்களில் தண்ணீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி ஒரு சின்ன மின்விசிறி.

அதற்கும் முன்னால், மீனே இல்லாமல் தொட்டியை நான்கிலிருந்து ஆறு வாரம் ஓட விட வேண்டும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனைக் கொன்றுவிடும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அந்த நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் பஞ்சிலும் மண்ணிலும் மெல்ல மெல்லக் குடியேறினால்தான் தொட்டியில் உயிர் தங்கும். கண்ணுக்குத் தெரியாமல் இரவும் பகலும் அழுக்கை எடுத்துக்கொண்டே இருக்கும் ஒரு கூட்டம். அது நின்றுபோனால்தான் அப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருந்ததே தெரியவரும். வீட்டு வேலை செய்து பழகிய எந்தப் பெண்ணுக்கும் இதை இரண்டாம் முறை விளக்கத் தேவையிருக்காது.

இனி முட்டை. தண்ணீர் சரியாக இருந்தால் ஆண் மீன் ஒன்று பாசியில் ஒரு கைப்பிடி இடத்தைத் தனதாக்கிக்கொண்டு நிறம் கூட்டி நிற்கும். வயிறு உருண்ட பெண் மீன் பாசிக்குள் வரும். இரண்டும் ஒரு நொடி ஒட்டி நடுங்கும். நாளுக்கு ஒரு சில முட்டைகள் பாசி இழைகளில் சிதறும். அவ்வளவுதான். தாயும் போய்விடும், தகப்பனும் போய்விடும். போவதோடு சரியா என்றால் அதுவும் இல்லை. திரும்பி வரும் வழியில் அந்த முட்டை கண்ணில் பட்டால் தின்றுவிடும். தாய் தின்னும், தகப்பன் தின்னும், பக்கத்தில் நிற்பதும் தின்னும்.

இதைச் சொன்னால் முதலில் முகம் சுளிப்பவர்கள் பெண்கள்தாம். “பெத்த தாயே தின்னுமா? சீ, என்ன ஜென்மம்!” என்றார் எங்கள் அத்தை. தகப்பனும் தின்கிறது என்பதை அவர் கேட்டும் கேட்காததுபோல் விட்டுவிட்டார். தகப்பன் தின்றால் அது மீன். தாய் தின்றால் அது ஜென்மம்.

எங்கள் ஊரில் இந்த அதிர்ச்சிக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிக்கும் என்பது இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோரும் கேட்ட செய்தி. பறவை தொட்டுப் பொரிக்கும், மீன் பார்த்துப் பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும் என்று குரு சீடனுக்குத் தரும் மூன்று வகைத் தீட்சைகளுக்கு உவமை சொல்வார்கள். மீனாட்சியின் கண்ணுக்கும் அதையே பொருளாகச் சொல்வார்கள்: கண்ணிமைக்காமல் பார்த்தே காக்கிறவள். அழகான உவமைதான், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். உவமை தெய்வத்துக்குப் பொருந்துகிறது. அதை இறக்கிக் கொண்டுவந்து வீட்டிலிருக்கும் பெண்ணின் தலையில் வைக்கும்போதுதான் சிக்கல். ‘பார்த்தாலே போதும், தாய்க்கு எல்லாம் தானாக வரும்’ என்று ஆகிவிடுகிறது. தானாக வருவதற்கு யார் நன்றி சொல்வார்கள்? தானாக வராதவளை என்னவென்று சொல்வார்கள்?

இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் ஒரே ஒரு சாட்சியைக் கூப்பிட்டுவிட்டு வழக்கை முடித்துவிடுகிறார்கள். புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்று மீன் ஒன்றைப் பிரெஞ்சு அறிஞர் குவியே 1831-இல் வகைப்படுத்தினார். குபானஸ் என்ற அதன் பெயரே ஆற்றின் பெயரிலிருந்து வந்ததுதான். நம் வயல் வாய்க்கால்களிலும் குளங்களிலும் இன்றும் இருக்கும் மீன். அதில் பெரும்பாலும் ஆண்தான் எச்சிலில் குமிழி குமிழியாய் நுரைக்கூடு கட்டும். விழும் முட்டையை வாயால் எடுத்துக் கூட்டில் வைத்து, குஞ்சு நீந்தும்வரை காவல் நிற்கும். உப்பங்கழிகளில் வாழும் ஆரஞ்ச் குரோமைடில் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் நிற்கும். குஞ்சுகள் இருவர் உடம்பின் வழவழப்பையும் கொறித்துத் தின்னும். எல்லா வீட்டுத் தொட்டியிலும் இருக்கும் கப்பி குட்டியாகவே போடும். போட்ட குட்டியைத் தானே தின்னவும் செய்யும்.

“அப்படியானால் நுரைக்கூடு கட்டும் தகப்பனைத்தானே மேடம் நாம் எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். வேண்டாம் என்றேன். மீனிடமிருந்து மனிதருக்குச் சட்டம் எடுக்கக் கூடாது என்றால் நமக்குப் பிடித்த மீனிடமிருந்தும் எடுக்கக் கூடாது. இயற்கையில் எல்லா ஏற்பாடும் இருக்கிறது என்பது மட்டும்தான் தொட்டி சொல்வது. யார் பார்த்துக்கொள்வது என்பதை மனிதர்கள் தங்களுக்குள் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் பழம்புலவர் ஒருவர் இதை என்னைவிட நன்றாகக் கையாண்டிருக்கிறார். ஐங்குறுநூற்றில் மருதம் பாடிய ஓரம்போகியார், ‘புலவி விராய பத்து’ என்ற ஒரே பகுதிக்குள் இரண்டு உயிர்களைக் கொண்டுவருகிறார். ஒன்று, தன் குட்டியையே தின்னும் முதலை. மற்றொன்று, தாயின் முகத்தைப் பார்த்தே வளரும் ஆமைக்குட்டி. வகுப்பில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு, “இவை யாரைக் குறிக்கின்றன?” என்று கேட்பேன். கெட்ட தாய், நல்ல தாய் என்று விடை வரும். பாட்டில் அப்படி இல்லை. குட்டியைத் தின்னும் முதலை இருப்பது தலைவனின் ஊரில். அன்பில்லாத நடத்தை அவனுடையது. ஆமைக்குட்டிக்குத் தாய் முகம்போலத் தலைவிக்கு இருக்க வேண்டியது தலைவனின் மார்பு. அதை அறிந்து நடந்துகொள் என்று அவனுக்குத்தான் அறிவுரை. அன்பு காட்டும் கடமையும் காட்டாத பழியும் இரண்டு இடத்திலும் ஆண் மேல் விழுகின்றன. படிக்கிற நாம்தான் ‘தாய்’ என்ற சொல்லைக் கண்டதும் பெண் பக்கம் திரும்பிவிடுகிறோம்.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. முட்டை பொரிந்ததும் குட்டிகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகிறவை முதலைகள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முதலைப் பண்ணையில், ஆண் முதலைகளும் குட்டிகளைப் பார்த்துக்கொள்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆமையோ முட்டையைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். வாயில் குட்டியோடு போன முதலையைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் தின்கிறது என்று நினைத்திருக்கலாம். ஒரு தாயைக் கரையில் நின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முட்டை என்ற சொல்லோடு எனக்குத் தனிப்பட்ட ஒரு கணக்கும் உண்டு. 31 வயதிலிருந்து 38 வயதுவரை மாதாமாதம் ஸ்கேன் அறையில் என் முட்டைகளை அளந்தார்கள். 16 மில்லிமீட்டர், 18 மில்லிமீட்டர், இந்த மாதம் வளரவில்லை. எண்களைச் சொல்லும்போது அவர்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், திரையைப் பார்ப்பார்கள். என் கணவருக்கு ஒரு சாதாரணப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்ற இரண்டு ஆண்டு ஆனது. அதுவரை குறை என் பக்கம்தான் என்று மருத்துவமனையும் வீடும் பேசாமலே ஒத்துக்கொண்டிருந்தன. 38-இல் நிறுத்திவிட்டேன். கணவரும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு. என்றாலும் ‘அவதான் வேண்டாம்னுட்டா’ என்றே இன்றும் அது சொல்லப்படுகிறது. தொட்டி அதற்கும் மூன்று ஆண்டு கழித்து வந்தது. வந்த காரணம் எளிது. கல்லூரிக் கண்காட்சியில் ஒரு செடித்தொட்டியைப் பார்த்தேன், பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை ஒரு காரணமாகப் பெண் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இந்த மீன்கள் எனக்கு என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு: ஒரு உறவும் இல்லை. பெயர் வைத்ததில்லை. என்னை அவற்றுக்குத் தெரியாது. தொட்டி முன்னால் ஏதோ நிழலாடினால் உணவு வரும் என்பது மட்டும் தெரியும். நான் செய்வது இதுதான். முட்டை விழுந்த பாசியைக் கொத்தாக எடுத்து, அதே தண்ணீர் ஊற்றிய ஒரு சின்னப் பெட்டியில் தனியாக வைத்துவிடுவேன். ஒன்றிரண்டு நாளில் பொரியும். குஞ்சு என்பது கண்ணாடி இழை ஒன்றில் இரண்டு கறுப்புப் புள்ளி. அதன் வாய்க்குக் கடைத் தீவனம் எதுவும் நுழையாது. கோஸ் இலையை நாலைந்து நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் நுண்ணுயிர்கள் பெருகும். சொட்டுச் சொட்டாக அதைக் காலையும் மாலையும் விட வேண்டும். இரண்டு வாரம் போனால் அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா. பத்துக் குஞ்சில் நாலைந்து நிற்கும். ஒரு நோட்டில் தேதி, வெப்பம், எண்ணிக்கை எழுதிவைக்கிறேன். இது படித்து, பார்த்து, கைக்கு வந்த வேலை. என் கருப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கற்றுக்கொள்ளும் யாருக்கும் வரும். வளாகத்தில் இலை பொறுக்கித் தரும் தோட்டக்கார அண்ணன் இப்போது தன் வீட்டில் என்னைவிட அதிகக் குஞ்சு எடுக்கிறார்.

இந்தக் கண்ணாடித் தொட்டிக்கும் பெண்கள் வழியாக ஒரு வரலாறு உண்டு. பிரான்சில் தையல் வேலை செய்து பிழைத்த ஷான் வில்ப்ரோ, திருமணமாகிச் சிசிலித் தீவுக்குப் போனவர். அங்கே ஆர்கனாட் என்ற கடலுயிரை ஆராய்வதற்காக 1832-இல் கண்ணாடித் தொட்டி செய்தார். அந்த உயிர் தன் ஓட்டைத் திருடுவதில்லை, தானே உருவாக்குகிறது என்று காட்டியவர் அவர். பின்னாளில் அவரைப் பாராட்டியவர்கள் தந்த பட்டமும் தாய் என்றே அமைந்தது: மீன்தொட்டிக் கலையின் தாய். கண்டுபிடித்தவள் என்றாலும் தாய் என்றுதான் சொல்ல வருகிறது.

இன்னொருவர் லண்டனில் 1840-களில் பவள உயிர்களை வீட்டில் வளர்த்த ஆனா தின். மோட்டார் இல்லாத காலம். தண்ணீரில் காற்றுக் கலக்க வேண்டுமே? திறந்த ஜன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றித் தண்ணீரை ஊற்றினார்கள். தினமும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். அந்த வேலையைச் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். எஜமானியின் பெயர் தெரியும். பவளங்கள் பிழைத்தது தெரியும். ஊற்றியவர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அவர் அந்த உயிர்களை நேசித்தாரா, மனதுக்குள் சபித்துக்கொண்டே ஊற்றினாரா, அதுவும் தெரியாது. பவளத்துக்கு இரண்டும் ஒன்றுதான், காற்று கிடைத்தது. பராமரிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தாயன்பைத் தேடும் நாம், அந்தப் பெண்ணின் தோள்வலியிலிருந்து தொடங்கினால் நியாயமாக இருக்கும். வேலை என்று சொன்னால்தான் அதற்கு நேரம் கேட்கலாம், கூலி கேட்கலாம், இன்று உன் முறை என்று இன்னொருவரிடம் வாளியைக் கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றுவது கணவரின் வேலை. ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சி, வாளியில் இறக்கி, எடுத்த அளவுக்கு டிரம்மிலிருந்து நிரப்புவார். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா, “சார் உங்களுக்கு ரொம்ப ஒத்தாசையா இருக்காரு” என்பார். “ஒத்தாசை இல்லக்கா, அவர் பங்கு” என்பேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஒன்பதாவது முறையாகவும் சொல்வேன்.

சென்ற மாதம் விடுதி மாணவி ஒருத்தி ஆறு மீன் கேட்டாள். அறையில் ஒரு பழைய தொட்டி இருக்கிறதாம். தருகிறேன் என்றேன். உடனே எடுத்துப்போகப் பாலிதீன் பையோடு வந்திருந்தாள். பையை மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, என் தொட்டியின் பஞ்சிலிருந்து ஒரு துண்டும், ஒரு கைப்பிடி பாசியும், வெப்பமானி ஒன்றும், கோடு போட்ட நோட்டு ஒன்றும் கொடுத்தேன். தினமும் எழுதி, நாலு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

“அப்போ மீன், மேடம்?”

“மீன் எங்கேயும் போகாது. நீ முதலில் தண்ணீரைத் தயார் பண்ணு.”

நேற்று வந்து நோட்டைக் காட்டினாள். மூன்றாவது வாரத்தின் கையெழுத்து அவளுடையது இல்லை. அறைத்தோழிக்குக் காய்ச்சலாம், இவள் மருத்துவமனையில் கூட இருந்தாளாம், எதிர் அறைப் பெண் வந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டாளாம். அந்தப் பெண்ணின் பெயரையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லிவிட்டு, ஆறு மீன்களைப் பிடித்துக் கொடுத்தேன்.